கடைசி ரெண்டு நிமிஷம்: பந்தை யார் கையில கொடுப்பீங்க?

ஸ்கோர் 60–61. நம்ம டீம் ஒரு புள்ளி பின்னாடி. 18 செகண்ட் பாக்கி, டைம் அவுட். பி.டி. சார் பலகையில வட்டமும் பெருக்கல் குறியும் போட ஆரம்பிக்கிறார். எத்தனை கோடு போட்டாலும் கேள்வி ஒண்ணுதான்: கடைசி ஷாட் யாருக்கு?

நீங்க எந்த காலேஜ் டீம்ல இருந்தாலும் சரி, இதுக்குப் பதில் பெரும்பாலும் முன்னாடியே முடிவாகி இருக்கும். "அவன்தான்டா, போன வருஷம் ஜோனல்ல அடிச்சான்ல!" இதோட மறுபக்கமும் உங்களுக்குத் தெரியும். ஒரு செகண்ட் இயர் பையன் ஒரே ஒரு கடைசி ஷாட்டை விட்டிருப்பான். அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல அவனுக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க. டிகிரி வாங்கிட்டுப் போற வரைக்கும் அந்தப் பேர் போகாது. கடைசி நிமிஷத்துல பந்தும் அவன் கைக்கு வராது. பெண்கள் டீம்லயும் இதே கதைதான். அந்த ரெண்டு தீர்ப்பும் சரியான்னு கணக்குப் போட்டுப் பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை. தேவையானது நாலாவது செமஸ்டருக்குள்ள எல்லாரும் படிச்சிடற ப்ராபபிலிட்டி மட்டும்தான். அரியர் வெச்சிருந்தாலும் புரியும்.

முதல்ல, "நெருக்கமான ஆட்டத்தின் கடைசிக் கட்டம்" அப்படின்னா என்ன? கூடைப்பந்து உலகத்துல இதுக்கு "கிளட்ச்" என்று பேர். (மெக்கானிக்கல் நண்பர்கள் மன்னிக்கவும், இது வேற கிளட்ச்.) அமெரிக்காவின் என்பிஏ ஒரு வரையறை வெச்சிருக்கு: நாலாவது குவார்ட்டரின் கடைசி 5 நிமிஷம் அல்லது ஓவர்டைம், அதுவும் ஸ்கோர் வித்தியாசம் 5 புள்ளிக்குள்ள இருக்கிற நேரம் மட்டும். 2022–23 சீசனிலிருந்து இதுக்குத் தனியா ஒரு விருதே கொடுக்கிறாங்க. முதல் விருதை வாங்கியவர் சாக்ரமென்டோ கிங்ஸ் டீமின் டியாரன் ஃபாக்ஸ். கோப்பைக்கு ஜெர்ரி வெஸ்ட் பேரை வெச்சிருக்காங்க. அவர் ஆடின காலத்துலயே அவருக்கு "மிஸ்டர் கிளட்ச்" என்றுதான் பட்டப்பேர்.

நமக்கும் இந்த வரையறை போதும். 5 புள்ளியை 6 ஆக்கிக்கலாம், ரெண்டு மூணு-பாயின்ட்டர்ல எட்டிப் பிடிக்கிற தூரம். எல்லையைத் தளர்த்தத் தளர்த்த நிறைய ஷாட் கணக்குல சேரும், ஆனா "நெருக்கடி" என்ற சொல்லுக்கு அர்த்தம் குறைஞ்சுகிட்டே போகும். இறுக்கினா உண்மையான நெருக்கடி மட்டும் மிஞ்சும், ஆனா எண்ணிக்கை பத்தாது. இந்த இழுபறிதான் விஷயத்தோட மையமே.

கோபி பிரயன்ட்டை எடுத்துக்கோங்க. கடைசி நொடின்னா அவர்தான் என்று உலகமே நம்பின காலம் ஒண்ணு இருந்தது. 2011-ல இஎஸ்பிஎன் ஒரு கணக்கு போட்டது. 1996–97 சீசனிலிருந்து அதுவரைக்கும், கடைசி 24 செகண்டுக்குள்ள, ஒரே ஷாட்ல சமன் செய்யவோ ஜெயிக்கவோ முடியும் என்ற நிலையில அவர் எத்தனை முறை அடிச்சார், எத்தனை போச்சு? 115 முயற்சி, 36 கூடை. 31 சதவீதம் சொச்சம். அந்த மாதிரி நேரத்துல லீக்ல மத்த எல்லாரோட சராசரியும் ஏறக்குறைய 30தான். கோபியோட வாழ்நாள் ஷூட்டிங் சதவீதம் 44.7.

இதைப் பார்த்து "கோபி டுபாக்கூர்"னு முடிவு கட்டினா அதுவும் தப்பு. மூணு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, கடைசி நொடியில எல்லாருக்குமே சதவீதம் விழுது, ஏன்னா அது கஷ்டமான ஷாட். ரெண்டு பேர் மேல விழுந்து மறைப்பாங்க. ரெண்டு, அந்த 79 தவறின ஷாட் யாருக்கும் ஞாபகம் இல்லை, 36 கூடை மட்டும் வீடியோவா சுத்திக்கிட்டே இருக்கு. மூணாவது, நமக்கு ரொம்ப முக்கியமானது: பதினாலு வருஷம் ஆடியும் கையில இருக்கிறது வெறும் 115 ஷாட். அதுக்கான பிழை எல்லை (ரெண்டு ஸ்டாண்டர்ட் எரர்) கூட்டியும் கழிச்சும் எட்டு சதவீதப் புள்ளிக்கு மேல. உலகத்திலேயே அதிகமா அளக்கப்பட்ட ஒரு ஆட்டக்காரரைப் பத்தியே இவ்வளவு மங்கலாத்தான் சொல்ல முடியுதுன்னா, நாலு வருஷ இன்ஜினியரிங்ல எத்தனை ஷாட்டை வெச்சு நாம தீர்ப்பு எழுதறோம்?

இன்னிக்கு ராத்திரி ரூம்ல ஒரு சோதனை செஞ்சு பாருங்க. எட்டு பேர் உட்காருங்க, ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயம். ஒவ்வொருத்தரும் 20 தடவை சுண்டுங்க. தலை விழுந்தா கூடை, பூ விழுந்தா மிஸ். எல்லா நாணயமும் ஒண்ணுதான், யாருக்கும் திறமை கிடையாது. ஆனாலும் எட்டு பேர்ல ஒருத்தருக்கு 13, 14 தலை வரும். இன்னொருத்தர் 6, 7-லயே நிப்பார். 20-க்கு 13 என்றால் 65 சதவீதம், 20-க்கு 7 என்றால் 35 சதவீதம். இதே எண்ணை ஸ்கோர் புக்ல பார்த்திருந்தா முன்னவரை "கிளட்ச்"னு தோள்ல தூக்கியிருப்போம், பின்னவரை பென்ச்ல உட்கார வெச்சிருப்போம். மறுபடியும் 20 தடவை சுண்டச் சொல்லுங்க. பெரும்பாலும் ஹீரோ மாறிடுவார்.

சரி, நிஜமாவே வித்தியாசம் இருக்கிற ரெண்டு பேரை, ஒருத்தர் 45 சதவீதம், இன்னொருத்தர் 55 சதவீதம்னு வெச்சுக்கோங்க, ஓரளவு நம்பிக்கையோட பிரிச்சுக் காட்ட எத்தனை ஷாட் வேணும்? ரெண்டு ஸ்டாண்டர்ட் எரர் இடைவெளி வேணும்னா, ஆளுக்கு ஏறக்குறைய 200. வருஷத்துக்கு 12 நெருக்கமான ஆட்டம், ஒவ்வொண்ணுலயும் ஆளுக்கு ரெண்டு ஷாட் என்று தாராளமா வெச்சாலும் 24தான் ஆகுது. அப்போ எட்டு வருஷம் படிக்கணும்! சென்னையின் அனிதா பால்துரை மாதிரி பதினேழு, பதினெட்டு வருஷம் இந்திய அணியில நின்று, 2021-ல பத்மஸ்ரீ வாங்கினவங்களைப் பத்திப் பேசுறதுன்னா அது வேற. நமக்கு அந்த அவகாசம் இல்லை.

"அப்போ கணக்கே வேண்டாமா, சீட்டுப் போட்டு எடுத்துடலாமா?" இல்லை. கையில இன்னொரு பெரிய தகவல் இருக்கு: அவங்களோட மொத்த ஆட்டம். ஜோனல், ஃப்ரெண்ட்லி, பிராக்டிஸ் மேட்ச் எல்லாம் சேர்த்தா ஒவ்வொருத்தருக்கும் முந்நூறு, நாநூறு ஷாட் தேறும். கடைசி நேர 20 ஷாட்டை அந்தப் பெரிய எண்ணோட சேர்த்துப் படிக்கணும். புள்ளியியல்ல இதைச் "சுருக்குதல்" என்பாங்க. அதாவது சின்ன எண்ணிக்கையில கிடைச்ச அதிசய எண்ணை அவரோட வழக்கமான எண்ணை நோக்கி இழுக்கிறது.

செய்முறை ரொம்ப எளிசு. ஒவ்வொருத்தரோட கடைசி நேர ஷாட்டுகளோட, அவரோட வழக்கமான சதவீதத்துல 100 கற்பனை ஷாட்டைக் கூட்டிடுங்க. 7-ஆம் நம்பர் சட்டைக்காரர் வழக்கமா 45 சதவீதம், கடைசி நேரத்துல 20-க்கு 12 என்று வெச்சுக்குவோம். 12-ஓட 45-ஐக் கூட்டினா 57. 120-ஆல வகுத்தா 47.5 சதவீதம். 11-ஆம் நம்பர் வழக்கமா 52 சதவீதம், கடைசி நேரத்துல 20-க்கு 9தான். 9-ஓட 52 சேர்ந்தா 61. 120-ஆல வகுத்தா 50.8. ஹாஸ்டல் முழுக்க 60-க்கு 45 என்று 7-ஆம் நம்பரைக் கொண்டாடும். ஆனா அடுத்த ஷாட்டுக்கு நான் 11-ஆம் நம்பரைத்தான் கேட்பேன். சத்தமில்லாம எல்லா ஆட்டத்துலயும் பாதிக்கு மேல போடறவர்.

அந்த 100 எங்கிருந்து வந்ததுன்னு கேட்கிறீங்களா? கேட்கணும். நெருக்கடியால மட்டும் ஆளுக்கு ஆள் உண்மையான வித்தியாசம் எவ்வளவு இருக்கும்னு நீங்க நம்பறீங்களோ, அதிலிருந்து வருது. கூட்டியோ கழிச்சோ 5 சதவீதப் புள்ளி இருக்கும்னு நம்பினா: 0.45 × 0.55 = 0.2475, அதை 0.05-ன் வர்க்கத்தால் வகுத்தா 99. அதான் 100. வித்தியாசம் 10 புள்ளி வரைக்கும் போகும்னு நம்பறவங்களுக்கு அந்த எண் 25 ஆயிடும். அப்போ 7-ஆம் நம்பர் 51.7, 11-ஆம் நம்பர் 48.9; ஹீரோ முன்னாடி வந்துடறார்! ஆக, விடை உங்க நம்பிக்கையைப் பொறுத்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா 10 என்பது என்ன சொல்லுதுன்னு யோசிங்க. நெருக்கடி வந்தா ஒரே டீம்ல ஒருத்தர் 45-லிருந்து 55-க்குத் தாவுவார், இன்னொருத்தர் 35-க்குச் சரிவார், இது சர்வசாதாரணம் என்று அர்த்தம். இவ்வளவு பெரிய தாவல் இருந்தா கோபி மாதிரி ஆளு 30-ஐ விட எங்கேயோ மேல நின்றிருக்கணும். நான் 5-லயே நிக்கறேன்.

இன்னொரு சிக்கல், எதை எண்ணறோம் என்பது. அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. விழுந்த கூடையெல்லாம் வரிசையா இருக்கும், ஃபவுல் இருக்கும், டைம் அவுட் இருக்கும். தவறின ஷாட் இருக்காது. பந்தைத் தொலைச்சது, அதாவது டர்ன் ஓவர், இருக்காது. அந்தத் தாளை வெச்சு யாரையும் எடைபோடவே முடியாது. அதனால பென்ச்ல ஒருத்தர் கையில நோட்டு வேணும். கடைசி 5 நிமிஷத்துக்கு மட்டும் போதும்: மீதி நேரம், ஸ்கோர் வித்தியாசம், யார் கையில பந்து முடிஞ்சது, என்ன ஆச்சு, எதிர்ல ஆள் நின்னானா இல்லையா. முட்டி வலின்னு ஆடாம உட்கார்ந்திருக்கிற ஃபைனல் இயர் அண்ணன் இதுக்குப் பொருத்தமான ஆள்.

அந்த நோட்டை வெச்சு ஷாட் சதவீதத்தைப் பார்க்காதீங்க, ஒரு பொசஷனுக்கு எத்தனை புள்ளின்னு பாருங்க. ஒரு கற்பனைக் கணக்கு. 4-ஆம் நம்பர்: 24 ஷாட், 12 கூடை, அதுல ரெண்டு மூணு-பாயின்ட்டர், 26 புள்ளி. ஃப்ரீ த்ரோ 4-க்கு 2. மொத்தம் 28 புள்ளி. ஆனா 6 தடவை பந்தைத் தொலைச்சிருக்கார். 15-ஆம் நம்பர்: 10 ஷாட், 4 கூடை, 8 புள்ளி. ஃப்ரீ த்ரோ 12-க்கு 10. மொத்தம் 18. பந்தைத் தொலைச்சது ஒரே தடவை. ஷூட்டிங் சதவீதத்துல 50-க்கு 40, 4-ஆம் நம்பர் ஜெயிக்கிறார். இப்போ பொசஷன் கணக்கு: ஷாட் + ஃப்ரீ த்ரோவில் 0.44 பங்கு + டர்ன் ஓவர். (அந்த 0.44 என்பிஏ தரவிலிருந்து வந்த வழக்கமான எண். ரெண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து ஒரு பொசஷன்; ஆனா கூடையோட கிடைக்கிற கூடுதல் ஒண்ணு தனியா ஒரு பொசஷன் ஆகாது. அதான் 0.5-க்குக் கொஞ்சம் குறைவு.) 4-ஆம் நம்பருக்கு 31.8 பொசஷன், ஒண்ணுக்கு 0.88 புள்ளி. 15-ஆம் நம்பருக்கு 16.3 பொசஷன், ஒண்ணுக்கு 1.1. உள்ளே புகுந்து ஃபவுல் வாங்கி, லைன்ல நின்னு அமைதியா ரெண்டு போட்டுட்டுப் போறவரை யாரும் வீடியோ எடுக்கிறதில்லை. இதையும் மேலே சொன்ன மாதிரி சுருக்கித்தான் படிக்கணும், 16 பொசஷன் ஒண்ணும் மலை இல்லை.

மலைன்னதும் ஞாபகம் வருது. பௌர்ணமி ராத்திரி ஈசான்ய லிங்கம் பக்கத்துல நின்னு கிரிவலம் முடிக்க வர்றவங்களைப் பாருங்க. 14 கிலோமீட்டர்ல கடைசித் துண்டு அது. ஒருத்தர் விசுக் விசுக்குன்னு நடப்பார், அவர் பக்கத்துலயே இன்னொருத்தர் காலை இழுத்துக்கிட்டு வருவார். முன்னவருக்குத்தான் தெம்பு அதிகம்னு சொல்லிடலாமா? அவர் குபேர லிங்கத்துக்கிட்ட ஆட்டோவுல வந்து இறங்கியிருந்தா? கடைசித் துண்டை மட்டும் பார்த்தா முன்னாடி நடந்த தூரம் தெரியாது. கூடைப்பந்துலயும் அப்படித்தான். மூணாவது குவார்ட்டர் முழுக்க பென்ச்ல இருந்துட்டு வந்தவரும், 36 நிமிஷம் எதிர் டீமோட முதல் ஆட்டக்காரரை மறிச்சுக்கிட்டே ஓடினவரும் கடைசி 4 நிமிஷத்துல ஒரே கால்களோட நிக்கலை. நோட்டுல "இதுவரை ஆடின நிமிஷம்" என்று ஒரு கட்டமும் சேர்த்துக்கோங்க. அந்தக் கட்டம் நிறைய வசவை மிச்சப்படுத்தும். சில சமயம் விடை "வேற ஆளைத் தேடு" என்று வராது. "இவரை மூணாவது குவார்ட்டர்ல ரெண்டு நிமிஷம் உட்கார வை" என்றுதான் வரும்.

கூட ஆடறவங்க பங்கை நோட்டுல பிடிக்கிறது இன்னும் கஷ்டம். 1997 என்பிஏ ஃபைனல்ஸ், ஆறாவது ஆட்டம். சிகாகோவும் யூட்டாவும் 86–86. எல்லாருக்கும் தெரியும் பந்து மைக்கேல் ஜோர்டனுக்குத்தான்னு. யூட்டாவுக்கும் தெரியும். ஸ்டீவ் கெர்ரைப் பார்த்துக்க வேண்டிய ஜான் ஸ்டாக்டன் அவரை விட்டுட்டு ஜோர்டன் பக்கம் போனார். ஜோர்டன் பந்தை கெர்ருக்குக் கொடுத்தார், 5 செகண்ட் பாக்கி இருக்கும்போது கூடை. இந்த ரெண்டு புள்ளியை யார் கணக்குல எழுதறது? ஸ்கோர் ஷீட் கெர்ர் என்கும். ஆனா ஜோர்டன் மேல இருந்த பயம்தான் கெர்ரை ஆளில்லாம விட்டுச்சு. கெர்ர் சும்மா வந்த ஆளும் இல்லை; என்பிஏ வரலாற்றுலயே வாழ்நாள் மூணு-பாயின்ட் சதவீதத்துல அவர்தான் முதல், 45.4. வழக்கமா நல்லா போடறவர், கடைசியிலும் போட்டார். புதுசா எந்த மாயமும் நடக்கலை.

மனசு தடுமாறுறது பொய்யா, அப்போ? பொய் இல்லை. அதை அளக்க நல்ல இடம் ஃப்ரீ த்ரோ லைன்; ஏன்னா அங்கே தூரம் மாறாது, மறைக்க ஆள் கிடையாது. காவ், பிரைஸ், ஸ்டோன் என்ற மூணு பேர் 2011-ல என்பிஏ ஃப்ரீ த்ரோக்களை ஆராய்ந்தாங்க. ரொம்ப நெருக்கமான ஆட்டத்தின் கடைசி நொடிகள்ல ஆட்டக்காரர்கள் வழக்கத்தை விட 5 முதல் 10 சதவீதப் புள்ளி குறைவா போடறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. அதிகமா சறுக்கினது யார்? வழக்கமாவே ஃப்ரீ த்ரோ சுமாரா இருக்கிறவங்க. அதோட, ரெண்டுல முதலாவதைத் தவறவிட்டவங்க ரெண்டாவதுல. ஆக, சாதாரண நாள்ல லைன்ல நின்னு நூத்துக்கு எத்தனை போடறாங்கன்னு எண்ணி வெச்சாலே, நெருக்கடி நேரத்தைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுடும். இதுக்கு மேட்ச் தேவையில்லை. தினமும் பிராக்டிஸ் முடிஞ்சு, மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போதே ஆளுக்கு பத்து. ஒரு மாசத்துல ஆளுக்கு இருநூறுக்கு மேல தேறிடும். மேட்ச்ல எட்டு வருஷம் ஆகிற எண்ணிக்கை!

இன்னொரு பழக்கத்தையும் தொட்டுட்டுப் போயிடறேன்: "தொடர்ந்து மூணு போட்டுட்டான், கை சூடா இருக்கு, அவனுக்கே கொடு." கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி 1985-ல இது வெறும் பிரமைன்னு எழுதினாங்க. முப்பது வருஷம் எல்லாரும் அதையே பாடமா படிச்சாங்க. 2018-ல மில்லர், சான்ஹுர்ஹோ ரெண்டு பேரும் அந்தக் கணக்கிலேயே நுணுக்கமான ஒரு சாய்வு இருந்ததைக் காட்டினாங்க; அதைத் திருத்தினா கை சூடு கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. கொஞ்சம்தான். 52 சதவீதக்காரரை விட்டுட்டு 40 சதவீதக்காரருக்குக் கொடுக்கிற அளவுக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

2017 ஜூலையில பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்குல இந்தியப் பெண்கள் அணி கஜகஸ்தானை 75–73 என்று ஜெயிச்சு, ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவுல சாம்பியன் ஆனது. ரெண்டே புள்ளி வித்தியாசம். "கடைசியா போட்டது யாரு?" என்றுதான் முதல்ல கேட்கத் தோணும். அந்த 75-ல முதல் குவார்ட்டர்ல விழுந்த ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் இருக்கு. அதுல ரெண்டு போயிருந்தா 73–73, ஓவர்டைம். ஆட்டம் நெருக்கமாச்சேன்னு கடைசி நிமிஷத்துல ஒருத்தரைத் திட்டுறதுக்கு முன்னாடி, ரெண்டாவது குவார்ட்டர்ல யாரும் மறைக்காத லே-அப்பை விட்டது யாருன்னும் நோட்டுல பாருங்க. புள்ளிக்கு மணி தெரியாது.

சீனியர்கள் சொல்ற ஒரு பதிலுக்கு மட்டும் நான் தலை வணங்கறேன்: "அவன் பந்தைக் கேட்கிறான். மத்தவன் கண்ணைத் திருப்பிக்கிறான்." இது எந்த நோட்டுலயும் வராது, ஆனா உண்மை. பந்து வேண்டாம்னு ஒதுங்கறவரை 50.8 சதவீதம்னு சொல்லித் தள்ளிவிட முடியாது. ஆனா ஏன் ஒதுங்கறார்னும் கேளுங்க. போன வருஷம் ஒரு ஷாட் தவறினதுக்கு ஒரு பேர் வெச்சு, அதை மெஸ் வரைக்கும் துரத்திக்கிட்டு வந்திருந்தா, கண்ணைத் திருப்பக் கத்துக்கொடுத்தது நாமதான். அடுத்த ஃப்ரெண்ட்லி மேட்ச்ல, தோத்தாலும் ஒண்ணும் போகாத ஆட்டத்துல, கடைசி ரெண்டு பொசஷனை அவருக்கே கொடுத்துப் பாருங்க.

இப்போ அந்த டைம் அவுட்டுக்கு. சுருக்கின கணக்குல ரெண்டு பேரும் 50, 51 என்று பக்கத்துல பக்கத்துல நின்னா, அந்த ஒரு சதவீதத்துக்காகச் சண்டை போடாதீங்க, எதிர் டீமைப் பாருங்க. ஃபிபா விதிப்படி 5 ஃபவுல் ஆனா ஆள் வெளியே. நாலு ஃபவுலோட நிக்கிற டிஃபென்டர் யாரை மறிக்கிறாரோ, அவருக்கு உள்ளே புக வழி இருக்கும். அந்தக் குவார்ட்டர்ல எதிர் டீமுக்கு ஏற்கெனவே 4 டீம் ஃபவுல் ஆகியிருந்தா அடுத்த ஃபவுலுக்கே ரெண்டு ஃப்ரீ த்ரோ. அப்போ தூரத்திலிருந்து அடிக்கிறவரை விட, லைன்ல பத்துக்கு எட்டு போடற 15-ஆம் நம்பர் மாதிரி ஆள் மேல். டைம் அவுட் ஒரு நிமிஷம்தான். நோட்டு வெச்சிருக்கிற அண்ணன் அந்த ரெண்டு எண்ணையும் முன்கூட்டியே வட்டம் போட்டு வெச்சிருக்கணும்.